ஷட்டவுன் செய்த பிறகும் சிபியுவிலிருந்து சத்தம், மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள்

21-04-2024, ஞாயிறு, இரவு 9.50
வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் கேட்டது:

"ஆறு வருஷத்து அசெம்பிள்டு கம்ப்யூட்டர், பையன் அறையில் இருக்கிறது. கொஞ்ச நாளாக ராத்திரியில் ரெண்டு விதமான சத்தம். ஒன்று கொசு மாதிரி 'கீ...' என்று. இன்னொன்று நடுநடுவே 'டக்' என்று ஒரே ஒரு தட்டு. ஷட்டவுன் செய்துவிட்டுப் படுத்த பிறகும் ரெண்டும் வருகிறது. முதல் சத்தம் பையனுக்கு நன்றாகக் கேட்கிறது, எனக்கு அரைகுறையாகத்தான். அம்மா 'பல்லி சொல்லுது, போய்ப் படு' என்கிறார். கடையில் கொடுத்தேன். ரெண்டு நாள் வைத்திருந்தார்கள், அங்கே சத்தமே வரவில்லையாம். ஆனாலும் மதர்போர்டு போகப்போகிறது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?"

21-04-2024, இரவு 10.35

மாற்றாதீர்கள் சார். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கடையில் சத்தம் வரவில்லை என்கிறீர்களே, உங்கள் கையில் இருக்கும் தடயங்களில் அதுதான் பெரியது. கடைக்குப் போனது சிபியு பெட்டி மட்டும். யுபிஎஸ் (கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டும் பேட்டரிப் பெட்டி), மானிட்டர், ஸ்பீக்கர், ஸ்விட்ச் போர்டு, உங்கள் தெருவுக்கு வரும் கரண்ட் எல்லாம் வீட்டிலேயே தங்கிவிட்டன. கடையில் பகல் முழுக்க பஸ் ஹாரன். ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மெயினையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். காதால் கேட்காத சத்தத்துக்கு மதர்போர்டைக் காரணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

தோட்டப்பாளையத்தில் பல வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைதான் செய்கிறேன். சத்தம் என்றால் எல்லோரும் பெட்டியைத் திறந்து காதை உள்ளே கொண்டுபோய், எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். முதலில் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். மேஜைப் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். மணி என்ன, எந்தச் சத்தம், கம்ப்யூட்டர் ஆனா ஆஃபா, ஃபேன், ஏசி, மோட்டார் எதாவது ஓடியதா, கரண்ட் போய் வந்ததா. இவ்வளவு போதும். எங்கிருந்து வந்தது என்று எழுதவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். தாழ்ந்த ஒலி ரெண்டு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசை கண்டுபிடிக்கிறது. கீச்சென்ற ஒலிக்கு ரெண்டு காதிலும் விழும் அளவு வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. நடுவில், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரை, ரெண்டு வழியுமே சரியாக உதவாது. கம்ப்யூட்டர் கிறீச்சிடும் சத்தம் அந்த இடத்திலும் விழும். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், மூலையில் இரும்பு பீரோ. பட்டுத் திரும்பும்போது சத்தம் பீரோவிலிருந்து வருகிறது என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

21-04-2024, இரவு 11.10

இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், முக்கியமானது. உங்கள் பெட்டியில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா? 'டக்' வரும் நேரத்தில் கம்ப்யூட்டர் ஆனில் இருந்து, திரை ஒரு நொடி உறைந்து நின்றால், காரணம் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இன்று ராத்திரியே.

டிஸ்க்கின் படிக்கும் முனை தன் இடம் தெரியாமல் போய்ப்போய்த் திரும்பும்போது வரும் தட்டு ஒரே சீராக இருக்கும்: டக், டக், டக், பிறகு சுழற்சி நின்றுபோகும். எப்போதாவது ஒரு தட்டு வந்தால் அது முனையை ஓரமாக நிறுத்தும் சத்தம், அது எல்லா டிஸ்க்கிலும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகள் கல்யாணப் படங்கள் முழுக்க ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தார். தட்டுகிற சத்தத்தை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கொண்டுவந்தபோது டிஸ்க் சுழலவே இல்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சத்தம் என்று யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

22-04-2024, காலை 7.20

ராத்திரிக்குள் படித்தவர்களிடமிருந்து இவ்வளவு யோசனைகள் வந்திருக்கின்றன. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வைரஸ்: ஷட்டவுன் ஆன கம்ப்யூட்டரில் வைரஸ் ஓடாது. இந்தக் கேஸுக்குப் பொருந்தாது.

எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) போட்டால் சத்தமே வராது: டிஸ்க் சத்தம் போகும். மின்சுருள் (கரண்ட் ஓடும் கம்பிச் சுற்று) கிறீச்சிடுவது போகாது.

டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைத்து எடுப்பது: தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இந்த ஊரில் இந்த மாதத்தில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த எந்தச் சாமான் மேலும் ஒரு நிமிஷத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சாதாரண டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. ஈரம் உள்ளே தகட்டில் படிந்தால் தரவு மீட்பு நிலையத்தாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

ஒரு தட்டு தட்டினால் சரியாகும்: ஃபேன் சத்தம் ஒரு மணி நேரம் நிற்கும். டிஸ்க்காக இருந்தால் அன்றோடு முடிந்தது.

23-04-2024, இரவு 8.15

பையனுக்குக் கேட்கிறது, அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதை ஒருவர் 'பையன் புது கம்ப்யூட்டர் கேட்க வழி பார்க்கிறான்' என்று எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லக் கூடாது. பையன் சொல்வது உண்மை.

வயது ஏற ஏற முதலில் போவது உச்சத்து ஒலிகள்தான். இளம் காது கிட்டத்தட்ட 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 15,000-க்கு மேல் ஒன்றும் இருக்காது. பழைய டப்பா டிவி இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். சவுண்டை முழுக்கக் குறைத்திருந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே டிவி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நம் நாட்டு டிவியில் படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படம்; பெருக்கினால் 15,625. அந்த ஹெர்ட்ஸில் டிவிக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குக் கேட்டது, தாத்தாவுக்குக் கேட்கவில்லை.

வீட்டில் சத்தம் தேடும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நானே இந்த மாதிரி கேஸுக்கு அக்கா பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவேன். 'மாமா, இப்ப நின்னுடுச்சு' என்று அவள் சொன்னால் அது நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம்.

27-04-2024, மாலை 6.40

'ஷட்டவுன் ஆன பிறகு எப்படி வரும்?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும், பலருக்கும் தெரியாத விஷயம்.

ஷட்டவுன் செய்தால் கம்ப்யூட்டர் முழுக்க அணைவதில்லை. சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிக்குள், ஒரு சின்னப் பகுதி விழித்தே இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் எழுப்ப வேண்டுமே, அதற்காக மதர்போர்டுக்கு எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஷட்டவுன் ஆன பிறகும் மவுஸ் லைட் எரிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கரண்டில்தான்.

வேலை நடக்கும்போது எஸ்எம்பிஎஸ் நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன் ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும். அது காதுக்கு எட்டாத உயரம். ஷட்டவுன் நிலையில் தேவைப்படும் கரண்ட் மிகக் குறைவு. அதனால் மின்சாரத்தை மிச்சப்படுத்த, கொஞ்ச நேரம் துடித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அந்தக் கொத்துக் கொத்தான துடிப்பின் வேகம் காது கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். சுருளில் ஓடும் கரண்ட் மாற மாற கம்பிச் சுற்றும் உள்ளே இருக்கும் ஃபெரைட் என்ற காந்தக் கருவும் நடுங்கும். மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பீங்கான் கெபாசிட்டர்களும் மின்அழுத்தம் மாறும்போது நுணுக்கமாக விரிந்து சுருங்கி, தாங்கள் ஒட்டியிருக்கும் போர்டையே அதிரவைக்கும். கீ என்ற சத்தம் பெரும்பாலும் இதுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பெட்டியின் பின்பக்கம், பவர் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கறுப்பு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். சத்தம் வரும் ராத்திரியில் வட்டத்துப் பக்கம் அழுத்துங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் தீர ஒருசில நொடி ஆகும். 'நின்றுவிட்டது' என்று பையன் சொன்னால் எஸ்எம்பிஎஸ். நிற்கவில்லை என்றால் பெட்டியை விட்டுவிட்டு யுபிஎஸ்ஸைப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேராக்கினால் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது உடனே இறங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

27-04-2024, இரவு 9.05

காட்பாடித் தம்பி ஒருவர், கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கத்துகிறது என்கிறார். ஆடும்போதுகூட இல்லை, மெனு திரையில்தான் அதிகம் என்கிறார். சரிதான் தம்பி. மெனுவில் வரைய ஒன்றுமில்லாததால் கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் வரைந்து தள்ளும், அந்த வேகத்திலேயே சுருளும் கத்தும். செட்டிங்ஸில் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிடுங்கள். கத்துவதால் கார்டுக்குக் கெடுதல் இல்லை.

04-05-2024, சனி, மதியம் 2.30

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இனி இந்த மாதம் முழுக்க வரப்போகும் புகார் ஃபேன் சத்தம்தான், அதனால் இப்போதே.

அறை சூடானால் ஃபேன் வேகம் கூடும், அந்த இரைச்சல் நியாயமானது. கரகரப்பு வந்தால் பேரிங்கில் எண்ணெய் காய்ந்துவிட்டது. 'ட்ர்ர்ர்' என்று அட்டை உரசும் சத்தம் வந்தால் ஏதோ ஒரு கேபிள் இறக்கையில் படுகிறது. கம்ப்யூட்டரை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, விரலால் ஃபேனைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ப்ளோயர் காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஃபேன் என்றதும் குடியாத்தம் ஞாபகம் வருகிறது. பிரவுசிங் சென்டர்கள் ஊரெங்கும் இருந்த காலம். ஒரு சென்டர்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். 'சார், ஒரு மெஷின் தானா பாட்டு பாடுது சார். ஸ்பீக்கரே இல்ல அதுக்கு!' போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து மெலிசாக, பீப் ஒலியிலேயே, பீத்தோவனின் ஃபர் எலீஸ் என்ற பியானோ மெட்டு. அங்கிருந்த பையன்கள் ரெண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

பேயும் இல்லை, வைரஸும் இல்லை. 1997 முதல் வந்த அவார்டு நிறுவனத்தின் பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) சிலவற்றில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. பிராசஸர் ஃபேன் நின்றாலோ, எஸ்எம்பிஎஸ் வோல்டேஜ் எல்லை தாண்டினாலோ, மதர்போர்டின் குட்டி ஸ்பீக்கரில் அந்த மெட்டை வாசித்து எச்சரிக்கும். இதைப் பற்றி மைக்ரோசாஃப்டே ஒரு உதவிக் குறிப்பு வெளியிட்டது.

பெட்டியைத் திறந்தேன். சென்டருக்குப் பக்கத்திலேயே தறிக்கூடம். ஃபேனுக்கும், சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு, கம்பளித் துணி கணக்காக ஒரே படலமாக அடைத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் ஓரத்தை நெம்பி இழுத்தால் முழுசாகக் கழன்று வந்தது. உற்றுப் பார்த்தால் அதில் லுங்கி நூலின் நீலமும் மெரூனும் தனித்தனி இழையாகத் தெரிந்தன. ஃபேன் இறக்கை ஒரு நூலில் சிக்கி நின்றிருந்தது. நூலை வெட்டினேன், ஃபேன் சுற்றியது, பாட்டு நின்றது. தறி இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

05-05-2024, ஞாயிறு, காலை 10.15

தாளில் எழுதிப் பார்த்து எந்தப் பெட்டி என்று முடிவான பிறகு, அதற்குள் எந்த உறுப்பு என்று பார்க்கக் காது உதவும். அதற்கு ஒரு வழி.

கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அதில் ஒரு கை நீளம் ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. ஒரு முனையைக் காதோரம் வைத்து, மறு முனையை ஒவ்வொரு உறுப்புக்கும் நேராக, தொடாமல் கொண்டுபோங்கள். டிஸ்க், ஃபேன், எஸ்எம்பிஎஸ் ஜன்னல், பிராசஸரைச் சுற்றி இருக்கும் சதுரக் கறுப்புச் சுருள்கள். சரியான இடத்துக்கு நேரே வரும்போது சத்தம் பளிச்சென்று காதுக்குள் வரும். மெக்கானிக் செய்கிற மாதிரி ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்கச் சிலர் சொல்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் போர்டின் மேல் இரும்பு வேண்டாம்.

போனில் ஸ்பெக்ட்ராய்டு மாதிரி ஒலியின் அலைவரிசையைப் படமாகக் காட்டும் ஆப் இருந்தால் இன்னும் நல்லது. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் என்றால் 60-ஆல் வகுத்து 120 ஹெர்ட்ஸில் ஒரு கோடு நிற்கும். 5,400 சுற்றுக்கு 90. ஃபேன் நிமிஷத்துக்கு 1,500 சுற்று, ஏழு இறக்கை என்றால் நொடிக்கு 25 சுற்று, ஏழால் பெருக்கி 175. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் 'ம்ம்ம்' என்ற ஹம் பெரும்பாலும் இரட்டிப்பாக 100-ல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் '120 ஹெர்ட்ஸில் ஹம் வந்தால் அது கரண்ட்' என்பார்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இரட்டிப்பு 120. அவர்களுக்கு டிஸ்க்கும் கரண்டும் ஒரே இடத்தில் விழுந்து குழப்பும். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை: 100 என்றால் கரண்ட், 120 என்றால் டிஸ்க்.

12-05-2024, ஞாயிறு, காலை 8.30

சத்துவாச்சாரி சார் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அழகாக எழுதியிருக்கிறார்கள், பாதி பையன் கையெழுத்து, பாதி பாட்டி சொல்லிப் பையன் எழுதியது. 'கீ' பற்றிப் பிறகு சொல்கிறேன், 'டக்' பிடிபட்டுவிட்டது.

வரிசையைப் பாருங்கள். சில ராத்திரி ஒன்றுமே இல்லை. சில ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணிக்குள் சரமாரியாக. கம்ப்யூட்டர் ஆஃபில்தான் இருந்திருக்கிறது. கரண்ட் போகவில்லை. கடைசிக் கட்டத்தில் பாட்டி ஒரே வார்த்தையில் முடிச்சை அவிழ்த்திருக்கிறார்: 'தண்ணி வந்துது.'

சத்தம் வந்த ராத்திரிகள் எல்லாம் அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் விடும் ராத்திரிகள். தண்ணீர் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் போடுவார்கள். தெரு முழுக்க மோட்டார் ஏறும்போது வோல்டேஜ் இறங்கும். வீடுகளில் வைக்கும் இந்த வகை யுபிஎஸ்ஸில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் பேட்டரிக்குப் போகாது. உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தால் தானாக மாறும் ஸ்விட்ச்) ஒன்று டிரான்ஸ்ஃபார்மரின் வேறு முனைக்கு மாற்றி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும். அந்த ரிலே மாறும் சத்தம்தான் 'டக்'. மோட்டார் நின்றால் திரும்ப ஒரு 'டக்'. கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் யுபிஎஸ் ஆனில் இருக்கும்வரை வரும். கடைக்கு யுபிஎஸ் போகவில்லை, அதனால் அங்கே வரவில்லை.

யுபிஎஸ்ஸில் கோளாறு ஒன்றும் இல்லை. தன் வேலையைச் செய்கிறது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. பெட்டியில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் இதைப் பிடித்திருக்கிறார்கள்.

12-05-2024, மாலை 5.00

ரிலே என்றதும் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தேகிக்கலாம், அதிலும் ரிலேதான். ரெண்டில் எது என்று அறிய, படுக்கும்போது யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் படுங்கள். தண்ணீர் விடும் ராத்திரி சத்தம் வரவில்லை என்றால் முடிந்தது.

இன்வெர்ட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் தவித்தபோது கைக்குக் கிடைத்த இன்வெர்ட்டரை எல்லோரும் வாங்கினோம். அவற்றில் பல ஸ்கொயர் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரி சீராக ஏறி இறங்காமல் சட்டென்று மாறும் கரண்டைக் கொடுப்பவை. கரண்ட் போனதும் சீலிங் ஃபேன் 'ம்ம்ம்' என்று முனகும், கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸும் கூடச் சேர்ந்து முனகும். சில யுபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்காமல் பேட்டரிக்கும் லைனுக்கும் மாறி மாறித் தாவும். கரண்ட் போனபோது மட்டும் சத்தம் என்றால் பெட்டியைத் திறக்காதீர்கள், இன்வெர்ட்டர் எந்த வகை என்று பாருங்கள்.

14-05-2024, இரவு 9.30

ஆரணி நண்பருக்கு: யாரும் தொடாமல் பென்டிரைவ் செருகிய மாதிரி 'டுடுங்' வருகிறது என்றால் ஏதோ ஒரு யுஎஸ்பி சாதனம் விட்டு விட்டுத் தொடர்பு அறுந்து சேர்கிறது. யுஎஸ்பி லாக் வியூ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வையுங்கள். அடுத்த முறை சத்தம் வரும்போது எந்தச் சாதனம், எத்தனை மணிக்கு என்று அதுவே எழுதிக் காட்டும். நான் பார்த்தவரை முன்பக்க போர்ட்டில் மாட்டிய மவுஸ் அல்லது பழைய கீபோர்டு வயர்தான் அதிகம். பின்பக்க போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீக்கரில் 'டிட் டிடிட் டிடிட்' என்று வருவதையும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் 2ஜி பட்டன் போன் இருக்கிறதா? அந்தப் போன் தொடர்ச்சியாக அனுப்பாமல் 4.6 மில்லிநொடிக்கு ஒருமுறை விட்டு விட்டு அலை அனுப்பும். நொடிக்குச் சுமார் 217 தடவை. ஸ்பீக்கர் வயர் அதை வாங்கிச் சத்தமாக்கிவிடும். போன் அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் சொல்லிவிடும். போனை நகர்த்தி வைத்தால் போதும்.

19-05-2024, ஞாயிறு, பகல் 11.45

நேற்று சத்துவாச்சாரிக்கு நேரிலேயே போய்வந்தேன். அக்கா பெண்ணும் வந்தாள். பையனும் அவளும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காது கொடுத்தார்கள். ஷட்டவுன் செய்தோம், ரெண்டு பேருமே 'இருக்கு' என்றார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கத்துக் கறுப்பு ஸ்விட்ச்சை அழுத்தினேன். சில நொடியில் ரெண்டு பேரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். திரும்ப ஆன் செய்து, யுஎஸ்பியில் போனை சார்ஜுக்குப் போட்டேன். அந்த போர்டு ஷட்டவுனிலும் சார்ஜ் கொடுக்கும். கரண்ட் தேவை கூடியதும் 'கீ' காணாமல் போனது. போனைப் பிடுங்கியதும் வந்துவிட்டது. ஷட்டவுனிலும் விழித்திருக்கும் அந்த ஸ்டாண்ட்பை பகுதிதான், சந்தேகமே இல்லை.

மதர்போர்டு கெபாசிட்டர்களின் தலையைப் பார்த்தேன். ஒன்றும் உப்பவில்லை, கசியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் சத்தம் போகலாம், ஆனால் அதற்காகச் செலவு தேவையில்லை என்று சொன்னேன். படுக்கும்போது சுவர் ஸ்விட்ச்சை அணைத்தால் போதும். ஒரே ஒரு விளைவு: ராத்திரி முழுக்க அணைந்திருந்தால் தேதி, நேரத்தைக் காக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும். கடிகாரம் தப்பாகக் காட்டினால் அதை மாற்றிக்கொள்ளலாம், சின்னச் செலவு.

அம்மாவிடம் பல்லியைப் பற்றிப் பேசாமல் வர முடியவில்லை. 'இன்னாபா, பல்லி இல்லியா அது?' என்று கேட்டார். டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பின்னால் பார்த்தோம். கேபினெட் மூலையில் வெள்ளையாக, சுண்ணாம்பு உருண்டைபோல ரெண்டு பல்லி முட்டை ஓடு, காலி. அம்மாவுக்கு அவ்வளவு திருப்தி. அது நியாயமும்கூட. பெட்டிக்குள் கதகதப்பு இருக்கும், பல்லிகள் வரத்தான் செய்யும். பின்பக்கம் விரிவாக்கக் கார்டு இல்லாத இடங்களில் மூடித் தகடு கழன்றிருந்தால் மாட்டிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழைந்த பல்லி குறுக்கே விழுந்து பெட்டியே போன கேஸ் பார்த்திருக்கிறேன்.

26-05-2024, இரவு 8.50

சத்துவாச்சாரிக்குப் போன அன்று அங்கே இன்னொன்றும் கவனித்தேன், எல்லோருக்கும் சொல்ல வேண்டியது. கேபினெட்டைப் புறங்கையால் தடவினால் நமநமவென்று இருந்தது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. ஸ்பீக்கரிலும் லேசான ஹம்.

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் லைனுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்டேஜில், சுமார் 115-ல் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் நமநமப்போடு நிற்கிறது. ஆனால் ஒருநாள் உண்மையிலேயே இன்சுலேஷன் போனால் காப்பாற்ற எர்த் இருக்காது.

வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். எர்த் பைப் இருக்கிறது, கரியும் உப்பும் போட்டுப் புதைத்ததுதான். மேலே வாய் சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். இந்த வெயிலில் குழி காய்ந்து பொடியாகிவிட்டது. காய்ந்த மண் கரண்டை வாங்காது. எலக்ட்ரீஷியனை வைத்து வாயைத் திறந்து, உப்பும் கரியும் புதிதாகப் போட்டு, தண்ணீர் ஊற்றிவருகிறார்கள். ஹம் போய்விட்டது என்று இன்று மெசேஜ் வந்தது. வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் கோடையில் வாரம் ஒரு குடம் எர்த் குழிக்கு ஊற்றுங்கள்.

சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு 'எர்த் வந்துடுச்சு' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை அனுமதிக்காதீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். உயிர் போகும் வேலை.

02-06-2024, ஞாயிறு, மாலை 6.15

ஆம்பூரிலிருந்து கேட்டவருக்கு: கரண்ட் இருக்கும்போதே யுபிஎஸ் விட்டு விட்டு பீப் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி மாற்றச் சொல்கிறது. அணைத்துவிட்டு, கையால் தொட்டுப் பாருங்கள். பக்கம் உப்பியிருந்தால் திரும்ப ஆன் செய்யாதீர்கள். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும், எங்கேயும் கிடைக்கும். 25 டிகிரி செல்சியஸை விடப் பத்து டிகிரி கூடினாலே இதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் ஊர் மாடி அறையில் சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை. சுவரோடு ஒட்டி, மேஜைக்கு அடியில் துணி மூட்டைக்கு நடுவில் வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள். பழைய பேட்டரியில் ஈயமும் ஆசிடும் இருக்கிறது, குப்பையில் போடாதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொடுப்பார்கள்.